படம் நொண்டுதா? கண்ணைக் குறை சொல்லாதீங்க!

"ஏம்மா, இந்த டி.வி.யிலே ஆளுங்க எல்லாம் ஏன் நொண்டி நொண்டி நடக்கிறாங்க?"

என் மாமியார் இப்படிக் கேட்டபோது நான் அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லே அத்தை, நெட் மெதுவா இருக்கும்" என்று அங்கிருந்தே பதில் சொல்லிவிட்டு, வெங்காயம் கருகாமல் கிளறுவதில் மும்முரமாகிவிட்டேன்.

புது டி.வி. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 43 அங்குலம். 12 மாதத் தவணை. அதனோடு சினிமா பார்ப்பதற்கென்று ஒரு ஸ்டிக்கும் வாங்கிச் செருகியிருந்தோம். இவ்வளவு செலவு செய்த பிறகு 'படம் நொண்டுது' என்றால் யாருக்குத்தான் காதில் ஏறும்? என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்கு? உனக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றார். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அத்தைக்குப் போன வருஷம்தான் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் டி.வி.யைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாயங்காலம் படம் போட்டால், மெல்ல எழுந்து வாசல் படியில் போய் உட்கார்ந்துகொள்வார். 'காற்றாட உட்காருகிறார்' என்றுதான் நானும் நினைத்தேன். பத்து நாள் கழித்து, இராத்திரி மாத்திரை கொடுக்கப் போனபோதுதான் தணிந்த குரலில் சொன்னார்: "ஆபரேஷன் பண்ணின கண்ணு மறுபடி போகுதோன்னு பயமா இருக்கும்மா. உங்களுக்கெல்லாம் சரியாத் தெரியறது எனக்கு மட்டும் துள்ளித் துள்ளித் தெரியுதே!"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். எல்லாம் சோதித்துவிட்டு, "பார்வை ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றார் டாக்டர். அப்படியானால் நொண்டுவது எது?

டி.வி.தான்! அத்தை சொன்னது அத்தனையும் நிஜம்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் என் நாத்தனார் மகன். சென்னையில் பட எடிட்டிங் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவன் ஐந்து நிமிஷம் டி.வி. முன்னால் உட்கார்ந்தான். "அம்மாச்சி சொல்றது சரிதான் அத்தை. கேமரா பக்கவாட்டிலே திரும்பறப்போ பாருங்க, கோபுரம் சீராப் போகாம விட்டு விட்டுப் போகுது" என்றான். பார்த்தேன். அதுவரை கண்ணில் படாதது, ஒருமுறை பட்ட பிறகு விடவே இல்லை!

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் உங்களுக்குச் சொல்கிறேன்.

முறுக்குக் கணக்கு

சினிமா என்பது வேகமாக மாறும் புகைப்படங்கள்தான். வினாடிக்கு 24 படம். 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது, ஒலி சீராக வரவேண்டுமே என்று இந்த வேகம் நிலைப்பட்டது. 1931-ல் நம் முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது. இன்றைக்குத் தியேட்டரில் ஃபிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்துவிட்டாலும், பெரும்பாலான படங்களுக்கு இன்னும் அதே 24தான்.

டி.வி. திரையோ வேறு கணக்கில் ஓடுகிறது. சாதாரண டி.வி. வினாடிக்கு 60 தடவை தன் திரையைப் புதுப்பித்துக்கொள்கிறது. இதைத்தான் 60 ஹெர்ட்ஸ் என்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. உங்களிடம் 60 முறுக்கு இருக்கிறது. 24 குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். தலைக்கு இரண்டரை வரும். முறுக்கை உடைக்கக் கூடாது என்றால் என்ன செய்வீர்கள்? முதல் குழந்தைக்கு 3, அடுத்ததற்கு 2, மறுபடி 3, மறுபடி 2 என்றுதான் கொடுத்தாக வேண்டும். டி.வி.யும் அதைத்தான் செய்கிறது. ஒரு படத்தை மூன்று தடவை காட்டுகிறது, அடுத்த படத்தை இரண்டு தடவை. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்றால் நடை எப்படி இருக்கும்? அதுதான் அத்தை பார்த்த நொண்டல். ஆங்கிலத்தில் இதற்கு 'ஜட்டர்' என்று பெயர்.

அதே வரிசைக்கு 120 முறுக்கு இருந்தால்? தலைக்கு ஐந்து. சண்டையே இல்லை! 120 ஹெர்ட்ஸ் திரை உள்ள டி.வி.யில் சினிமா சீராக ஓடக்கூடிய காரணம் இவ்வளவுதான். 60 ஹெர்ட்ஸ் டி.வி.க்களிலும் சில, சினிமா வரும்போது 48-க்கு இறங்கி, தலைக்கு இரண்டு என்று ஒழுங்காகக் கொடுத்துவிடும். எல்லாம் செய்யாது, அதனால்தான் பார்த்து வாங்க வேண்டும்.

"பழைய டி.வி.யிலே இப்படி இல்லையே?" என்று அத்தை கேட்டார். அதுவும் நியாயமான கேள்வி. நம் நாட்டில் ஒளிபரப்பு வினாடிக்கு 25 படக் கணக்கு. அந்தக் காலப் பெட்டிகள் 50 கணக்கில் ஓடின. 24 படச் சினிமாவைக் கொஞ்சம் வேகப்படுத்தி 25 ஆக்கி ஓட்டிவிடுவார்கள். 25 குழந்தைக்கு 50 முறுக்கு, தலைக்கு இரண்டு! இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னதாகவே முடிந்துவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. ஆக, அத்தை பல வருஷம் பார்த்துப் பழகியது நொண்டாத படம். நாங்கள் வாங்கி வந்த ஸ்டிக்தான் எல்லாவற்றையும் 60-ல் தள்ளிக்கொண்டிருந்தது.

கடைக்குப் போகும்போது

இதெல்லாம் தெரிந்த பிறகு, எதிர்வீட்டு அக்கா டி.வி. வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கே கேட்டதையும் பார்த்ததையும் வரிசையாகச் சொல்கிறேன். ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள்.

முதல் கேள்வி: "இதோட பேனல் நிஜமாவே எத்தனை ஹெர்ட்ஸ்?" டப்பாவில் 'மோஷன்' என்ற பெயரோடு 120, 200, 240 என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது பெரும்பாலும் விளம்பரக் கணக்கு. உள்ளே இருப்பது 60 ஆகவே இருக்கலாம். 'நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட்' அல்லது 'பேனல் ரிஃப்ரெஷ் ரேட்' என்ற வரியைக் காட்டச் சொல்லுங்கள். 60 அல்லது 120 என்று இருக்கும். சிலவற்றில் 50 அல்லது 100 என்றும் போட்டிருப்பார்கள். 'கேம் விளையாடும்போது மட்டும் 120' என்று பொடி எழுத்தில் இருந்தால் அதை 60 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: கடையில் ஓடும் வீடியோவைப் பார்த்து ஏமாறாதீர்கள். பூ விரிவதும், கிளி பறப்பதும், தேன் சொட்டுவதும் கண்ணைப் பறிக்கத்தான் செய்யும். அதெல்லாம் கடைக்கென்றே எடுத்தது. அநேகமாக 60 கணக்கிலேயே இருக்கும். அதில் நொண்டல் எப்படித் தெரியும்? ஒரு நிஜமான சினிமாவைப் போடச் சொல்லுங்கள். டி.வி.க்குள்ளேயே இருக்கும் ஆப் மூலம் போட்டால் நல்லது.

எதிர்வீட்டு அக்கா இப்படிக் கேட்டதும் கடைப்பையன் கொஞ்சம் முகம் சுளித்தான். "யாரும் இப்படிக் கேட்கமாட்டாங்க மேடம்" என்றான். "யாரும் கேட்காததாலேதான் தம்பி நாங்க கேட்கிறோம்" என்றார் அக்கா. போட்டுக் காட்டினான்!

மூன்றாவது: எந்தக் காட்சியைப் பார்ப்பது? சண்டைக் காட்சி வேண்டாம். கேமரா மெல்லப் பக்கவாட்டில் திரும்பும் காட்சியைத் தேடுங்கள். கோயில் பிராகாரம், தென்னந்தோப்பு, ஜன்னல் கம்பி, படிக்கட்டு என்று செங்குத்தான கோடுகள் இருந்தால் நொண்டல் சட்டென்று தெரியும். இன்னொரு சுலபமான சோதனை, படம் முடிந்ததும் மேலே ஏறும் பெயர்கள். எழுத்துகள் ஒரே சீராக ஏறுகின்றனவா, அல்லது இடையிடையே உதறுகின்றனவா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் எத்தனை அடி தள்ளி உட்காருவீர்களோ, அத்தனை அடி தள்ளி நின்று பாருங்கள். திரை பெரிதாகி, நாமும் கிட்டே உட்கார்ந்தால் ஒவ்வொரு துள்ளலும் பெரிதாகத் தெரியும். சின்னக் கூடத்துக்குப் பெரிய டி.வி. வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது, மிக முக்கியம்: 'வழுவழு' மோசடி! சோதனை செய்யும்போது படம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். டி.வி.யே நடுவில் இல்லாத படங்களைக் கற்பனையாகச் செய்து நிரப்புகிற வசதி ஒன்று இருக்கிறது. சோனியில் 'மோஷன்ஃப்ளோ', எல்.ஜி.யில் 'ட்ரூமோஷன்', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' என்று ஆளுக்கொரு பெயர். அதை முழுதாக வைத்தால் நொண்டல் மறைந்துவிடும். ஆனால் பெரிய பட்ஜெட் சினிமாகூட சீரியல் மாதிரி, கல்யாண வீடியோ மாதிரி ஆகிவிடும். வேகமாக அசையும் தலையைச் சுற்றி, கையைச் சுற்றி ஒரு கலங்கல் தெரியும். ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் 2018 டிசம்பரில், 'வீட்டு டி.வி.யில் இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள்' என்று வீடியோவே வெளியிட்டார்.

ஆகவே கடைக்காரரிடம் அதை முழுதாக அணைக்கச் சொல்லி, மறுபடி அதே காட்சியைப் போடச் சொல்லுங்கள். அணைத்த பிறகும் நொண்டாமல் ஓடினால், அதுதான் நல்ல டி.வி. 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒரு பொத்தானோ தேர்வோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2019-ல் அறிவித்த ஏற்பாடு இது. அந்தக் கற்பனை வேலைகளை எல்லாம் ஒரேயடியாக நிறுத்தி, படத்தை எடுத்தவர் எடுத்தபடி காட்டும்.

ஐந்தாவது: ஓலெட் டி.வி. வாங்க வசதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்பு கறுப்பாகத் தெரியும், நிறம் அருமை, சந்தேகமே இல்லை. ஆனால் அதன் புள்ளிகள் கண்மூடித் திறப்பதற்குள் மாறிவிடும். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாவுவது பளிச்சென்று தெரியும். சாதாரண எல்.இ.டி. டி.வி. கொஞ்சம் மெதுவாக மாறுவதால் அந்தத் தாவல் சற்றே மழுங்கிவிடுகிறது. ஓலெட்டில் கண் உறுத்துகிறவர்கள் அந்த 'வழுவழு' வசதியை அணைக்காமல், மிகக் குறைவாக, ஒன்று அல்லது இரண்டில் வைத்துக்கொள்ளலாம். உப்பு மாதிரிதான், துளி போட்டால் ருசி.

இன்னொன்று. எந்த டி.வி. வாங்கினாலும் கேமரா ரொம்ப வேகமாகத் திரும்பும் காட்சியில் கொஞ்சம் துள்ளல் இருக்கத்தான் செய்யும். அது 24 படம் என்பதன் சுபாவம், தியேட்டரிலும் உண்டு. திரையின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரு பொருள் போக ஏழு வினாடியாவது ஆகும்படி கேமராவைத் திருப்ப வேண்டும் என்று ஒளிப்பதிவாளர்களுக்கு ஒரு பழைய கணக்கே இருக்கிறது. மெல்லத் திரும்பும்போதும் நொண்டினால்தான் டி.வி. மீது குறை. படம் அப்படியே நின்று, வட்டம் சுற்றிவிட்டுப் பிறகு ஓடினால் அது நெட் கோளாறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் மாதிரி பதில் சொல்லாதீர்கள்!

புதுசு வாங்கும் முன்னால் ஒரு நிமிஷம்

எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? வாங்கின கடையில் போய்க் கேட்டோம். "இதைக் கொடுத்துட்டு 55 இஞ்ச் எடுத்துக்கோங்க சார், சரியாயிடும்" என்றார்கள். இவரும் தலையாட்டத் தயாராகிவிட்டார். முதல் தவணை முடியவே பதினோரு மாசம் பாக்கி! அந்த நேரத்தில்தான் நாத்தனார் மகன் வந்து, காலணா செலவில்லாமல் சரிசெய்தான்.

அவன் செய்தது இதுதான். ஸ்டிக்கின் செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே' என்ற பகுதிக்குப் போனான். அங்கே 'மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்' என்று ஒன்று இருந்தது. அணைந்து கிடந்ததை எழுப்பிவிட்டான். அவ்வளவுதான்! இப்போது சினிமா போட்டால் ஸ்டிக் 24 கணக்கிலேயே அனுப்புகிறது. சீரியல் போட்டால் அதன் கணக்குக்கு மாறுகிறது. ஆப்பிள் டி.வி. பெட்டியில் இதையே 'மேட்ச் ஃபிரேம் ரேட்' என்றும், கூகுள் டி.வி. வகைகளில் 'மேட்ச் கண்டென்ட் ஃபிரேம் ரேட்' என்றும் போட்டிருப்பார்கள். படம் தொடங்கும்போது ஒரு வினாடி திரை இருட்டாகி வரும், பயப்படாதீர்கள். எல்லா ஆப்பும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. ஒத்துழைக்காவிட்டால், அதே ஆப் டி.வி.க்குள்ளேயே இருக்கிறதா என்று பார்த்து அதில் போட்டுப் பாருங்கள்.

எங்கள் டி.வி. 60 ஹெர்ட்ஸ்தான். ஆனாலும் 24-ஐ வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் பங்கிடுகிற ரகம் என்று அப்போதுதான் தெரிந்தது. உங்களுடையதும் அப்படி இருக்கலாம். ஆகவே பழசைத் தள்ளும் முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். சரியாகவில்லை என்றால், அப்போது 120 ஹெர்ட்ஸ் டி.வி.யைப் பற்றி யோசிக்கலாம். விலை கூடத்தான் இருக்கும். வீட்டில் பெரும்பாலும் செய்தியும் சீரியலும்தான் ஓடும், சினிமா எப்போதாவதுதான் என்றால் 60 ஹெர்ட்ஸே தாராளம். மிச்சப் பணத்துக்கு வேறு செலவா இல்லை? சினிமாவுக்கென்று விலை உயர்ந்த கேபிள் வாங்கச் சொன்னாலும் மயங்கவேண்டாம். பெட்டியோடு வந்த ஒழுங்கான கேபிளே 24 படத்துக்குப் போதும்.

கண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை

டி.வி.யில் மட்டும் துள்ளினால், அதுவும் கேமரா திரும்பும்போது மட்டும் துள்ளினால், டி.வி.யைச் சந்தேகியுங்கள். ஆனால் டி.வி.யை அணைத்த பிறகும் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தால் கண் டாக்டரைப் பாருங்கள். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் நிறைய மிதப்பது போலவோ, ஒரு பக்கம் திரை இறங்கினாற்போலவோ இருந்தால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று தள்ளாமல் அன்றைக்கே போய்விடுங்கள். விழித்திரை பிரிவதன் அறிகுறியாக அது இருக்கலாம். புரை ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டில் இதை அவசியம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செட்டிங்கை மாற்றிய அன்று சாயங்காலம், வாசல் படியில் உட்கார்ந்திருந்த அத்தையைக் கைபிடித்து உள்ளே அழைத்து வந்தேன். அவருக்குப் பிடித்த பழைய படம் ஒன்றைப் போட்டோம். கேமரா கோயில் குளத்தைச் சுற்றி மெல்ல வந்தது. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். பேச்சே இல்லை.

"என்ன அத்தை, இப்போ நொண்டுதா?"

"இல்லேம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கே நான் சொன்னதை யாராவது வந்து உட்கார்ந்து பார்த்திருந்தா, நான் பத்து நாள் பயந்து செத்திருக்க மாட்டேன்" என்றார், சிரித்துக்கொண்டேதான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் பெரியவர்களோ குழந்தைகளோ 'எனக்கு இப்படித் தெரியுது' என்றால், பதில் சொல்வதற்கு முன்னால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, அவர்கள் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த இதழில், தண்ணீர் வடிகட்டி வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்விகள்.